பட்டியல் வாசித்து முடித்த பிறகு

ஏற்காட்டுக்கு மேலே நாகலூர்ப் பக்கமிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய அக்கா மகன் இடது ஓரத்தில் முன்னேறி ஆடுபவன். 17 வயதுக்குட்பட்டோருக்கான இந்தியக் கால்பந்து அணியின் முகாமுக்கு அழைக்கப்பட்டுக் கடைசி நாள் வரை இருந்திருக்கிறான். 23 பேர் கொண்ட இறுதிப் பட்டியலில் பெயர் வரவில்லை. ஊர் திரும்பிப் பத்து நாளாகிறது. பந்தைத் தொடவில்லை, சரியாகச் சாப்பிடவும் இல்லை. "அவனுக்குத் திறமை போதவில்லையா, நம் ஊர்ப் பையன் என்று ஒதுக்கிவிட்டார்களா? இனி வாய்ப்பு உண்டா, அல்லது படிப்பைப் பார் என்று சொல்லிவிடலாமா?" என்பது கேள்வி.

ஐயா, எல்லாவற்றுக்கும் முன்னால் அவசரமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இன்று மாலையே உங்கள் மருமகனை ஓடச் சொல்லுங்கள். பந்து வேண்டாம், மனம் கூட வேண்டாம். அரை மணி நேரம் ஓடிவிட்டு வரட்டும். ஏன் இப்படி விரட்டுகிறேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

நம் வீட்டுப் பிள்ளைகள் கட்-ஆஃப் மதிப்பெண் பார்த்தே வளர்கிறார்கள். அதனால் 23 பேரில் பெயர் இல்லை என்றதும், அந்த 23 பேரும் இவனைவிடச் சிறந்தவர்கள், இவன் இருபத்து நான்காவது என்று எண்ணிவிடுகிறோம். அணித் தேர்வு அப்படி நடப்பதில்லை. கல்யாணச் சமையலுக்கு ஆள் சேர்ப்பவரை நினைத்துப் பாருங்கள். ஊரிலேயே அருமையாக ஜாங்கிரி பிழியும் மூன்று பேர் வந்து நின்றாலும் அவர் ஒருவரைத்தான் வைத்துக்கொள்வார். மற்ற இருவரையும் அனுப்பிவிட்டு, அவர்களைவிடக் கைப்பக்குவம் குறைந்த ஒருவரைச் சோறு வடிக்கச் சேர்த்துக்கொள்வார். பந்திக்குச் சோறு வேண்டும் அல்லவா?

23 பேர் என்றால் மூன்று பேர் கோல்கீப்பர்கள். மீதி 20 இடம். களத்தில் உள்ள பத்து இடங்களுக்கு ஏறக்குறைய இரண்டிரண்டு பேர். இதில் பதினைந்து, பதினாறு பெயர்கள் முகாம் தொடங்கும்போதே பயிற்சியாளர் மனதில் விழுந்திருக்கும். போட்டியெல்லாம் கடைசி நாலைந்து இடத்துக்குத்தான். அந்த இடத்தில் கேட்கப்படும் கேள்விகளே வேறு. லெஃப்ட் பேக்குக்கு, அதாவது இடது பக்கத் தடுப்பாட்டக்காரருக்கு, அடிபட்டால் அங்கே யார் போய் நிற்பான்? ஒரு கோல் முன்னால் இருக்கும்போது கடைசிப் பத்து நிமிடத்துக்கு யாரை இறக்கலாம்? கார்னர் பந்துகளை எதிர்கொள்ள உயரமான ஆள் போதுமா? இரண்டு இடத்தில் சுமாராக ஆடத் தெரிந்தவன், ஒரே இடத்தில் பிரமாதமாக ஆடுபவனைத் தள்ளிவிட்டு உள்ளே போவது இங்கேதான். அந்தப் பயிற்சியாளர் ஓரங்களை விங் பேக்குகளிடமே, அதாவது ஓரம் முழுவதும் மேலும் கீழும் ஓடும் தடுப்பாட்டக்காரர்களிடமே, ஒப்படைத்து ஆடுபவராக இருந்தால், உங்கள் மருமகனைப் போன்ற விங்கர்களுக்கான இடம் பாதியாகச் சுருங்கியிருக்கும். அவன் எவ்வளவு நன்றாக ஆடினாலும் அந்தக் கணக்கு மாறாது.

2014 உலகக் கோப்பைக்கு முன் ஜெர்மனியில் நடந்தது இதற்கு நல்ல சான்று. ஜூன் முதல் வாரத்தில் இறுதிப் பட்டியல் வந்தபோது ஷ்கோட்ரான் முஸ்தாஃபி என்ற தடுப்பாட்டக்காரரை நீக்கிவிட்டார்கள். சில நாள்தான். பிரேசிலுக்குப் புறப்படும் முன்தினம் ஆர்மேனியாவுடன் நடந்த நட்பு ஆட்டத்தில் மார்கோ ராய்ஸுக்குக் கணுக்காலில் பலத்த அடி. ராய்ஸ் அந்த அணியின் மிகச் சிறந்த தாக்குதல் ஆட்டக்காரர்களில் ஒருவர். அவருடைய இடத்துக்கு இன்னொரு தாக்குதல் ஆட்டக்காரரைத்தான் அழைப்பார்கள் என்று எல்லோரும் நினைத்தார்கள். பயிற்சியாளர் யோக்கிம் லோவ் அழைத்தது முஸ்தாஃபியை! முன்வரிசையில் ஆள் இருக்கிறார்கள், பின்வரிசையில்தான் ஆள் குறைவு என்பது அவர் கணக்கு. ஜூன் தொடக்கத்தில் 'வேண்டாம்' என்று அனுப்பப்பட்டவர் மூன்று ஆட்டங்களில் ஆடி, ஜூலையில் உலகக் கோப்பைப் பதக்கத்துடன் நின்றார். இறுதி ஆட்டத்தின் ஒரே கோலை அடித்த மரியோ கோட்ஸே, பரிசளிப்பின்போது ராய்ஸின் ஜெர்சியைத் தூக்கிக் காட்டினார். அந்த ஜெர்சியைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

பிரேசிலின் எமர்சன் கதை இதைவிடக் கனமானது. 1994-இல் பிரேசிலுக்குக் கோப்பை வாங்கித் தந்த ரொமாரியோ, 1998 உலகக் கோப்பை தொடங்கச் சில நாள் இருக்கும்போது கெண்டைக்கால் காயத்தால் நீக்கப்பட்டார். பத்திரிகையாளர்கள் முன்னால் அழுதார். அவருக்குப் பதிலாக அழைக்கப்பட்டவர் எமர்சன் என்ற நடுக்கள வீரர். நான்கு ஆண்டு கழித்து, 2002-இல், அதே எமர்சன் அணித் தலைவர். முதல் ஆட்டத்துக்கு முந்தைய நாள் பயிற்சியின்போது விளையாட்டாகக் கோல்கீப்பர் இடத்தில் நின்றார். பந்தைப் பிடிக்கப் பாய்ந்ததில் தோள்மூட்டு விலகியது. அவ்வளவுதான், போட்டியே இல்லை. தலைமை கஃபூவுக்குப் போயிற்று. யோகோஹாமாவில் கோப்பையை உயர்த்திய கஃபூவின் படம் உலகம் முழுக்கத் தெரியும். அந்தப் படத்தில் இருந்திருக்க வேண்டியவர் எமர்சன். ஒரே மனிதர் ஒருமுறை அடுத்தவர் காயத்தால் உள்ளே வந்தார், மறுமுறை தன் காயத்தால் வெளியே போனார்.

இனி என் கதை. முப்பது ஆண்டுக்கு மேலாகிறது. அம்மாபேட்டையில் எங்கள் வீட்டில் இரண்டு கைத்தறி. அப்பாவுக்குக் கால்பந்து என்றால் என்னவென்றே தெரியாது. ஆனால் சென்னையில் நடந்த மாநில முகாமுக்கு நான் கிளம்பியபோது முன்பணம் வாங்கி ஷூ எடுத்துக் கொடுத்தார். கடைசி நாள் மாலை, பயிற்சி முடிந்து வியர்வையோடு நாங்கள் தரையில் உட்கார்ந்திருக்க, மேலாளர் நின்றபடி பெயர்களை வாசித்தார். கோல்கீப்பர்கள், தடுப்பாட்டக்காரர்கள், நடுக்களம். என் அறைத் தோழன் என் இடத்தில்தான் ஆடுபவன். அவன் பெயர் வந்தது. அடுத்து என் பெயர் வரும் என்று நான் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன். அவர் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஏன் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. மறுநாள் பயிற்சி ஜெர்சிகள் இரண்டையும் துவைத்து மடித்து ஒப்படைக்கச் சொன்னார்கள். பொருள்களைப் பார்த்துக்கொள்பவர் இரண்டையும் விரித்துப் பார்த்து, கிழிசல் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, நோட்டில் என் பெயருக்கு நேரே பென்சிலால் ஒரு கோடு போட்டார். பட்டியலில் வராத பெயருக்கு அந்தக் கோடு விழுந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஏற்காடு எக்ஸ்பிரஸில் முன்பதிவு இல்லாத பெட்டியில் நின்றுகொண்டே சேலம் வந்தேன். விடியற்காலையில் தெருவில் நுழைந்தபோது தறிச் சத்தம் கேட்டது. நான் உள்ளே போனதும் சத்தம் நின்றது. அப்பா என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை, மறுபடியும் நெய்யத் தொடங்கினார். தெருவில் உள்ளவர்கள் கேட்காமல் விடுவார்களா? அந்தக் கேள்விகளுக்குப் பயந்து ஆத்தூரில் சித்தப்பா வீட்டுக்குப் போய்விட்டேன். ஓடவில்லை, பந்தைப் பார்க்கக்கூடப் பிடிக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் எங்கள் தெருமுனை மளிகைக் கடைக்குச் சென்னையிலிருந்து தொலைபேசி வந்திருக்கிறது. என் அறைத் தோழனுக்கு முழங்காலில் அடி, உடனே புறப்பட்டு வர முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். தம்பி ஆத்தூருக்கு வந்து சொல்லி, நான் திரும்ப அழைத்தபோது இரண்டு நாள் ஓடிவிட்டது. "நேற்றே வேறொருவர் வந்து சேர்ந்துவிட்டார்" என்றார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. போட்டிக்குப் போகிற அணி யாருக்காகக் காத்திருக்கும்? ஒருவேளை நான் அன்றே போயிருந்தாலும், பன்னிரண்டு நாள் ஓடாத காலோடு முதல் பயிற்சியிலேயே மூச்சு வாங்கியிருப்பேன். பெயர் வராததற்காக நான் அழுதது ஒரு வாரம். அந்தத் தொலைபேசியைத் தவறவிட்டதற்கு இன்றும் மனம் ஆறவில்லை. உங்கள் மருமகனை இன்று மாலையே ஓடச் சொன்னது இதனால்தான்.

பெரிய போட்டிகளில் இதற்கு விதியே இருக்கிறது. உலகக் கோப்பையில் ஒரு வீரருக்குக் கடுமையான காயம் என்றால் அணியின் முதல் ஆட்டத்துக்கு 24 மணி நேரம் முன்பு வரை மாற்றிக்கொள்ளலாம்; கோல்கீப்பரைப் போட்டியின் நடுவில்கூட மாற்றலாம். 2022-இல் அர்ஜென்டினா, முதல் ஆட்டத்துக்குச் சில நாளே இருக்கும்போது காயத்தால் நிக்கோலாஸ் கொன்சாலஸையும் ஹுவாகின் கொரேயாவையும் இழந்தது. அவர்கள் இடத்தில் வந்த ஆங்கெல் கொரேயாவும் தியாகோ அல்மாதாவும் இன்று உலகக் கோப்பை வென்றவர்கள். இறுதிப் பட்டியல் என்று பெயர் வைத்தாலும் முதல் விசிலுக்கு முந்தைய நாள் வரை அது திறந்தே கிடக்கிறது.

நம் சேலத்துக்காரருக்கே நடந்ததைச் சொல்கிறேன், விளையாட்டுதான் வேறு. 2020 ஆஸ்திரேலியப் பயணத்துக்குச் சின்னப்பம்பட்டி நடராஜன் அணியில் ஒருவராகத் தேர்வாகவில்லை; வலைப்பயிற்சியில் பந்துவீச அழைத்துப் போகும் கூடுதல் பந்துவீச்சாளர்களில் ஒருவர், அவ்வளவுதான். வருண் சக்கரவர்த்திக்குக் காயம் என்றதும் டி20 அணியில் பெயர் வந்தது. டிசம்பர் 2 அன்று கான்பெராவில் ஒருநாள் போட்டி, இரண்டு நாள் கழித்து டி20, 2021 ஜனவரி 15 அன்று பிரிஸ்பேனில் டெஸ்ட். அந்த வலையில் அவர் 'நம்மைத்தான் எடுக்கவில்லையே' என்று அரைமனதாக வீசியிருந்தால் இதில் ஒன்றும் நடந்திருக்காது.

ஆத்திரம் வருவது இயல்பு. அவன் வீட்டுக்குள் கத்தட்டும், அழட்டும், தடுக்காதீர்கள். முகாமில் உள்ளவர்களிடம் மட்டும் அதைக் காட்ட விடாதீர்கள். 2018-இல் பிரான்ஸ் அணியின் காத்திருப்புப் பட்டியலில் வைத்ததற்கு ஆதிரியன் ராபியோ கோபித்துக்கொண்டு, எனக்கு அது வேண்டாம் என்று எழுதி அனுப்பினார். பிரான்ஸ் கோப்பையை வென்றது. அவர் மறுபடி அழைக்கப்பட இரண்டு ஆண்டுக்கு மேலாயிற்று. பிறகு 2022 இறுதி ஆட்டத்தில் தொடக்கத்திலிருந்தே ஆடினார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் அவருக்குப் பின்னால் பெரிய கிளப்புகள் இருந்தன. நாகலூர்ப் பையனுக்குப் பின்னால் நீங்களும் அக்காவும்தான் இருக்கிறீர்கள்.

அடுத்து, நீங்கள் கேட்ட ஓரவஞ்சனைக் கேள்வி. எங்கும் நடக்கவே நடக்காது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஆதாரமில்லாமல் அந்த எண்ணத்தைப் பையன் மனதில் விதைக்காதீர்கள். 'எப்படி ஆடினாலும் எடுக்க மாட்டார்கள்' என்று நம்பத் தொடங்கிய பையன் பயிற்சியை விட்டுவிடுகிறான். இதை என் கண்ணால் பலமுறை பார்த்திருக்கிறேன். 2017-இல் இந்தியாவில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்கான 21 பேரில் எட்டுப் பேர் மணிப்பூர்ப் பையன்கள், தமிழ்நாட்டிலிருந்து ஒருவரும் இல்லை. எனக்கும் வலித்தது. ஆனால் அங்கே சின்ன வயதிலிருந்தே பையன்கள் ஆடும் போட்டி ஆட்டங்களையும் நம் மாவட்டத்தில் ஒரு பையனுக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் ஆட்டங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இங்கே விரல் விட்டு எண்ணிவிடலாம். பயிற்சி என்று ஆயிரம் முறை பந்தைத் தட்டினாலும், தோற்றால் வெளியேற வேண்டிய ஆட்டத்தின் எழுபதாவது நிமிடத்தில் கால் என்ன செய்யும் என்பது ஆட்டத்தில்தான் பழகும். என் கோபமெல்லாம் நம் ஊரில் ஆட்டங்கள் இல்லாமல் இருப்பதன் மேல்தான்.

அந்த எட்டுப் பேரில் ஒருவர் ஜீக்சன் சிங். முந்தைய பயிற்சியாளர் காலத்தில் அவரை எடுக்கவில்லை. அவருடைய அண்ணன் முறையான அமர்ஜித் முகாமில் இருந்தார், இவர் வெளியே இருந்தார். பிறகு மினர்வா அகாடமி என்ற கால்பந்துப் பயிற்சிப் பள்ளியின் அணி ஒரு பயிற்சி ஆட்டத்தில் இந்திய முகாம் அணியையே தோற்கடித்தது. அங்கிருந்து சிலரை உள்ளே இழுத்தார்கள், ஜீக்சனும் வந்தார். அக்டோபர் 9, டெல்லி, கொலம்பியாவுக்கு எதிராக 82-ஆவது நிமிடம். பெங்களூரு சஞ்சீவ் ஸ்டாலின் கார்னரிலிருந்து பந்தைத் தூக்கிப் போட, ஜீக்சன் எகிறித் தலையால் முட்டினார். ஃபிஃபா உலகக் கோப்பை ஒன்றில் இந்தியா அடித்த முதல் கோல் அது. அடுத்த நிமிடமே கொலம்பியா இன்னொரு கோல் போட்டு வென்றது. ஆனாலும் அந்த ஒரு நிமிடம் அரங்கம் எழுப்பிய சத்தத்தைத் தொலைக்காட்சியில் கேட்டபோது நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றிருந்தேன். அதே ஜீக்சன், 2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பைக்குக் காயத்தால் போக முடியவில்லை.

வயதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். வயது வரம்பு ஜனவரி 1-ஐ வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஜனவரியில் பிறந்தவனும் நவம்பரில் பிறந்தவனும் ஒரே வகுப்பு என்றாலும் இடையில் பத்து மாத வளர்ச்சி இருக்கிறது. பதினாறு வயதில் பத்து மாதம் என்பது தோள் அகலத்தில் தெரியும், மோதி விழுவதில் தெரியும். இளையோர் அணிகளில் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் அதிகமாக இருப்பது உலகம் முழுக்கக் காணப்படும் ஒன்று. நம் பக்கம் இன்னொரு சிக்கலும் உண்டு. பள்ளியில் சேர்க்கும்போது வசதிக்காக மே, ஜூன் என்று பிறந்த தேதி எழுதிவிடும் பழக்கம் மலைக் கிராமங்களில் நெடுங்காலம் இருந்தது. எலும்பு வளர்ச்சியைப் பார்க்கும் மணிக்கட்டுச் சோதனையில் சான்றிதழும் உடம்பும் ஒத்துப்போகாவிட்டால் பையன் தவறே செய்யாமல் வெளியே நிற்க வேண்டிவரும். உங்கள் மருமகனின் பிறப்புச் சான்றிதழும் பள்ளிச் சான்றிதழும் ஒன்றாக இருக்கின்றனவா என்று இந்த வாரமே பாருங்கள். அவன் ஆண்டுக் கடைசியில் பிறந்தவன் என்றால் அதையும் அவனிடம் எடுத்துச் சொல்லுங்கள். இரண்டு ஆண்டில் உடம்பு சமமாகிவிடும்.

1978-இல் அர்ஜென்டினா பயிற்சியாளர் மெனோட்டி 25 பேரிலிருந்து மூன்று பேரைக் கழித்தார். அதில் ஒருவன் பதினேழு வயது மாரடோனா. கோப்பையை அர்ஜென்டினாதான் வென்றது. ஆகவே மெனோட்டி தவறு செய்தார் என்று சொல்ல முடியவில்லை. மாரடோனா அதை மறக்கவும் இல்லை, அதற்காக உட்கார்ந்துவிடவும் இல்லை. சில நாளிலேயே தன் கிளப்புக்காக இறங்கிக் கோல் போட்டார். மறு ஆண்டு ஜப்பானில் இளையோர் உலகக் கோப்பையை அதே மெனோட்டியின் கீழ் ஆடி வென்றார். இங்கே நம் சென்னைப் பையன் நந்தகுமார் சேகர் இந்திய சீனியர் அணிக்கு முதன்முதலில் ஆடியது 2023-இல். அப்போது அவருக்கு 27 வயது. உங்கள் மருமகனுக்குப் பதினாறு. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

படிப்பா, பந்தா என்று கேட்டீர்கள். இரண்டையும் விடவேண்டாம். ஒரே ஒரு எச்சரிக்கை: முகாமில் இருந்ததற்கான கடிதத்தை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வே போன்ற மத்திய அரசுத் துறைகளிலும் வாய்ப்பு உண்டு. ஆனால் அங்கெல்லாம் கேட்பது மாநிலத்துக்காகவோ நாட்டுக்காகவோ பல்கலைக்கழகத்துக்காகவோ போட்டியில் ஆடிய சான்றிதழை. அதனால் பள்ளி அணியோடு பள்ளிகளுக்கிடையிலான சுப்ரதோ கோப்பை, மாநில இளையோர் அணித் தேர்வு, பிறகு கல்லூரி அணி என்று ஒவ்வொன்றிலும் அவன் பெயர் இருக்க வேண்டும். ஒவ்வொரு தாளையும் பத்திரமாக வையுங்கள்.

அவனிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்து முகாமை எழுதச் சொல்லுங்கள். எந்த இடத்தில் ஆட வைத்தார்கள், எத்தனை நிமிடம், யாருக்குப் பதிலாக இறக்கினார்கள், பயிற்சியாளர் எதற்காகக் கத்தினார். 'நன்றாக ஆடினேன், எடுக்கவில்லை' என்று எழுதினால் கிழித்துவிட்டு மறுபடி எழுதட்டும். பெரும்பாலும் நாலாவது பக்கத்தில் காரணம் தானாக வெளியே வரும். எனக்குத் தோன்றுவது, இடது காலால் ஆடும் பையன்கள் எங்கும் குறைவு. அவன் லெஃப்ட் பேக் இடத்தையும் கற்றுக்கொண்டால் அடுத்த முறை அந்தக் கடைசி நாலைந்து இடங்களில் அவன் பெயருக்கு இரண்டு காரணம் இருக்கும். மலையில் ஏறி இறங்கி வளர்ந்த பையன்களுக்கு மூச்சு வலு உண்டு. ஓரம் முழுவதையும் மேலும் கீழும் ஓட அதுதான் முதல்.

முகாமிலிருந்து யாராவது அழைக்கக்கூடிய எண் உங்களுடையதா, அக்காவுடையதா என்று பாருங்கள். மலையில் சிக்னல் வந்து வந்து போகும். ஆகவே அடிவாரத்தில் உள்ள உறவினர் யாராவது ஒருவரின் எண்ணையும் சேர்த்துக் கொடுத்து வையுங்கள்.

வருகிற சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் அவனைக் கூட்டிக்கொண்டு இறங்கி வாருங்கள். காந்தி மைதானத்தில் இருப்பேன். முகாமைப் பற்றி நான் ஒன்றும் கேட்கமாட்டேன்; இடது பக்கம் நிற்கவைத்து இருபது பந்து தூக்கிப் போடச் சொல்வேன். பத்து நாள் மூலையில் கிடந்த ஷூவின் அடிப்பக்கம் ஈரத்தில் ஒட்டு விட்டிருக்கும். இன்றைக்கே எடுத்துப் பார்த்து, தேவையானால் தைத்துக்கொண்டு வரட்டும்.